பழைய ஆர்கேட் கேம் மானிட்டரைச் சரி செய்வது எப்படி?

பேக்-மேன், டாங்கி காங், ஆஸ்டிராய்ட்ஸ் போன்ற பழைய கேம்களை நம்மில் பலர் கம்ப்யூட்டரில் ஆடியிருப்போம். 1997-ல் வெளிவந்த மேம் என்ற எமுலேட்டர் புரோகிராம் இதனை எளிதாக்கி விட்டது. ஆனால் இந்தக் கேம்கள் கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆளுயர மரப்பெட்டிக்குள் ஒரு கேம் போர்டு, ஒரு மானிட்டர், ஒரு நாணயப் பெட்டி. இப்படித்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ள விளையாட்டுக் கூடங்களில் இவை நின்றன. இவற்றையே ஆர்கேட் கேம் என்கிறோம்.

இந்தப் பெட்டிகளைத் தேடி வாங்கி, பழுது நீக்கி, மீண்டும் ஓட வைப்பதைப் பலர் பொழுதுபோக்காகச் செய்து வருகிறார்கள். அவர்களுக்கு முதலில் தொல்லை தருவது மானிட்டர்தான். கேம் போர்டில் உள்ள சிப் கெட்டால் வேறு சிப் தேடலாம். ரோமில் உள்ள புரோகிராமை மீண்டும் எழுதலாம். ஆனால் பிக்சர் டியூப் போனால் போனதுதான். இந்த வகை டியூப்களின் உற்பத்தி நின்று விட்டது. இருப்பவற்றைக் காப்பாற்றினால்தான் உண்டு.

எனவே இந்த வேலையில் ஒரு வரிசை உண்டு. முதலில் உங்கள் உயிர். அடுத்து டியூப். அதற்கு அடுத்துத்தான் மற்ற பாகங்கள். இந்த வரிசை மாறாமல் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம். சாப்ட்வேரில் பிழை தேடும்போது புரோகிராமைக் கண்டபடி மாற்ற மாட்டோம். பிழை எந்தப் பகுதியில் இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். மானிட்டரிலும் அதே முறைதான். அதைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் திரைதான்.

மற்ற மானிட்டர்களுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆர்கேட் மானிட்டர் என்பது ட்யூனரும் ஸ்பீக்கரும் வெளிக்கூடும் இல்லாத டிவி என்று சொல்லலாம். அதில் நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது பிக்சர் டியூப். இரண்டாவது, டியூபின் கழுத்தைச் சுற்றியுள்ள யோக் என்ற கம்பிச்சுருள். மூன்றாவது, கழுத்தின் நுனியில் செருகியுள்ள சிறிய நெக் போர்டு. நான்காவது, மற்ற எல்லாச் சுற்றுகளும் உள்ள பெரிய போர்டு. இதனைச் சேஸிஸ் என்பார்கள்.

சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சிக்னல்களும் தனித்தனிக் கம்பிகளில் கேம் போர்டிலிருந்து வருகின்றன. படத்தை நிலையாக நிறுத்தும் சிங்க் சிக்னல் வேறு கம்பியில் வருகிறது. டிவி போல ஒரே கம்பியில் எல்லாம் கலந்து வருவதில்லை. அதனால்தான் இதில் எழுத்துகளும் உருவங்களும் அவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன.

1980-களின் பெரும்பாலான ஆர்கேட் மானிட்டர்களில் கிடைமட்ட ஸ்கேன் அதிர்வெண் ஏறக்குறைய 15.7 கிலோஹெர்ட்ஸ். கம்ப்யூட்டரின் விஜிஏ மானிட்டருக்கு இது 31.5 கிலோஹெர்ட்ஸ். அதாவது இரு மடங்கு. எனவே கம்ப்யூட்டரின் விஜிஏ கேபிளை நேராக ஆர்கேட் மானிட்டரில் இணைக்காதீர்கள். படம் கிழிந்து தெரியும். மானிட்டரின் அவுட்புட் பகுதியும் கெட்டுப் போகலாம். 15 கிலோஹெர்ட்ஸில் இயங்கும்படி அமைத்த டிஸ்பிளே கார்டு இருந்தால் மட்டுமே இதனைச் செய்ய வேண்டும்.

மின்சார அளவையும் கவனியுங்கள். அமெரிக்கப் பெட்டிகள் சுமார் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானியப் பெட்டிகள் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நம் வீட்டில் வருவது 230 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் பிளக்கைச் செருகினால் கோளாறு தேட வேண்டிய வேலையே இருக்காது.

ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம்

மானிட்டரை மட்டும் பெட்டியிலிருந்து கழற்றி மேஜையில் வைத்துச் சோதிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பல ஆர்கேட் மானிட்டர்களில் வரும் ஏசி மின்சாரம் நேராக டயோடுகளுக்குச் சென்று டிசியாக மாறுகிறது. இடையில் டிரான்ஸ்பார்மர் எதுவும் சேஸிஸில் இல்லை. இதனால் சேஸிஸின் கிரவுண்டே மின்சாரம் பாயும் இடமாக இருக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் பெட்டியின் அடியில் தனியாக இருக்கும்.

அதனை விட்டுவிட்டு மானிட்டருக்கு நேராக மின்சாரம் கொடுத்து, கேம் போர்டையும் இணைத்தால், எர்த் செய்யப்பட்ட போர்டின் கிரவுண்டும் மானிட்டரின் கிரவுண்டும் மோதும். பியூஸ் போகும். போர்டும் போகலாம். ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை வைத்தாலும் இதே கதிதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது அது இரண்டு தனிச் சுற்றுகள் கொண்டதா என்று கேட்டு வாங்குங்கள். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வோல்ட்டேஜைக் குறைக்கும். ஆனால் மின்சார இணைப்பைப் பிரிக்காது.

கை வைப்பதற்கு முன்

எலக்ட்ரானிக்ஸில் முன் அனுபவம் இல்லாதவர்கள் மானிட்டரைத் தொட வேண்டாம். கோளாறை அறியும் பகுதியை மட்டும் படித்துக்கொண்டு, தொடும் வேலையை டிவி மெக்கானிக்கிடம் விடுங்கள். அனுபவம் உள்ளவர்களும் கீழே உள்ளவற்றை விடாமல் பின்பற்ற வேண்டும்.

* வண்ண டியூபின் ஆனோடில் சுமார் 20,000 வோல்ட் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் டியூப் ஒரு பெரிய கெபாசிட்டர் போல அந்த மின்னூட்டத்தை வைத்திருக்கும்.

* சேஸிஸில் உள்ள பெரிய பில்டர் கெபாசிட்டரிலும் 150 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மீட்டரில் அளந்து பார்த்த பிறகே தொடுங்கள்.

* மோதிரம், கைச்சங்கிலி, உலோகப் பட்டை உள்ள கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி விடுங்கள். மின்சாரம் உள்ளபோது அளக்க நேர்ந்தால் ஒரு கையை மட்டும் பயன்படுத்துங்கள். தனியாக இருக்கும்போது இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

* டியூபைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்து உடைந்தால் காற்று புகுந்து டியூப் பாழாகும். முன்பக்கக் கண்ணாடி உடைந்தால் துண்டுகள் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள்.

மின்னூட்டத்தை இறக்கும் முறை இது. பிளக்கைக் கழற்றுங்கள். நல்ல கைப்பிடி உள்ள நீண்ட தட்டை ஸ்குரூடிரைவரை எடுத்து, அதன் உலோகத் தண்டில் ஒரு கிளிப் வயரை மாட்டுங்கள். வயரின் மறுமுனையை டியூபின் பின்புறக் கறுப்புப் பூச்சின் மேல் செல்லும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள். சேஸிஸ் போர்டில் மாட்டக் கூடாது. அப்படிச் செய்தால் சிப்களும் டிரான்சிஸ்டர்களும் கெடலாம். இப்போது ஸ்குரூடிரைவரின் நுனியை ஆனோடின் ரப்பர் மூடிக்கு அடியில் மெதுவாக நுழைத்து உலோகக் கொக்கியைத் தொடுங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்கலாம். கேட்காமலும் போகலாம். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். ஒருமுறை இறக்கிய பிறகும் மின்னூட்டம் சிறிது திரும்பி வருவது உண்டு.

கோளாறு மானிட்டரில்தானா?

திரை கறுப்பாக இருந்தால் உடனே மானிட்டர் மீது பழி போடாதீர்கள். கேமின் சத்தம் கேட்கிறதா? நாணயம் போட்டால் அதற்கு உரிய ஒலி வருகிறதா? வந்தால் கேம் போர்டு ஓடுகிறது. பிரச்சினை மானிட்டரிலோ வீடியோ கம்பிகளிலோ இருக்கிறது.

அடுத்து, விளக்கை அணைத்துவிட்டு டியூபின் கழுத்தைப் பாருங்கள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சிறிய ஒளி தெரிகிறதா? அது டியூபின் ஹீட்டர். பெரும்பாலான வண்ண ஆர்கேட் மானிட்டர்களில் ஹீட்டருக்கான மின்சாரம் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிறது. நம் ஊர் டிவி மெக்கானிக்குகள் எல்ஓடி என்றோ ஈஹெச்டி என்றோ சொல்வது இதைத்தான். எனவே கழுத்தில் ஒளி தெரிந்தால் பவர் சப்ளை, கிடைமட்டப் பகுதி, ஃப்ளைபேக் மூன்றும் ஓரளவு வேலை செய்கின்றன என்று பொருள். ஒளி இல்லையென்றால் கோளாறு அந்த மூன்றில் ஒன்றில் இருக்கலாம். மீட்டரைத் தொடாமலேயே பாதிச் சேஸிஸை ஒதுக்கி விட்டோம்.

ஒளி இருக்கிறது, ஆனால் படம் இல்லை என்றால் ஃப்ளைபேக்கில் உள்ள 'ஸ்கிரீன்' என்ற திருகை இப்போதுள்ள இடத்தைக் குறித்துக்கொண்டு, சிறிது கூட்டிப் பாருங்கள். திரை முழுதும் சாம்பல் வெளிச்சமும் சாய்ந்த மெல்லிய கோடுகளும் வந்தால் டியூபும் உயர் மின்னழுத்தமும் நன்றாக உள்ளன. வீடியோ சிக்னல்தான் வந்து சேரவில்லை. பார்த்த பிறகு திருகைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்து விடுங்கள்.

திரை என்ன சொல்கிறது?

1. எதுவும் இல்லை, பியூஸ் போய்விட்டது

பெரிய பியூஸ் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பிரிட்ஜ் டயோடுகள், பில்டர் கெபாசிட்டர், டிகாஸ் காயிலுக்கான தெர்மிஸ்டர், கிடைமட்ட அவுட்புட் டிரான்சிஸ்டர் ஆகிய நான்கையும் வரிசையாகச் சோதியுங்கள். அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மல்ட்டிமீட்டரின் டயோடு நிலையில் இரு திசைகளிலும் அளந்து பாருங்கள். இரண்டிலும் பூஜ்யம் காட்டினால் அது ஷார்ட் ஆகியுள்ளது. பல டிரான்சிஸ்டர்களின் உள்ளேயே ஒரு டயோடு இருப்பதால் ஒரு திசையில் ரீடிங் வருவது இயல்புதான்.

புது டிரான்சிஸ்டரைப் போட்டவுடன் மின்சாரம் கொடுத்து விடாதீர்கள். ஃப்ளைபேக் கெட்டிருந்தால் புதியதும் ஒரு நொடியில் போய்விடும். இங்கே நம் டிவி மெக்கானிக்குகளின் சீரிஸ் பல்பு கைகொடுக்கும். மானிட்டருக்குச் செல்லும் கம்பியில், அந்த வோல்ட்டேஜுக்கு உரிய 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணையுங்கள். எல்இடி பல்பு உதவாது. டிகாஸ் காயிலை முதலில் கழற்றி விடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் உள்ளது. டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். நீங்கள் தேடுதலைத் தொடரலாம்.

டிரான்சிஸ்டரை மாற்றும்போது அதற்கும் ஹீட் சிங்குக்கும் இடையே உள்ள மைக்கா தகட்டையும் வெப்பப் பசையையும் மறக்காதீர்கள்.

2. எதுவும் இல்லை, பியூஸ் நன்றாக உள்ளது

சேஸிஸின் முக்கிய டிசி மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இதனைப் பி பிளஸ் என்பார்கள். கனடாவின் எலக்ட்ரோஹோம் நிறுவனம் தயாரித்த ஜி07 மானிட்டரில் இது 120 வோல்ட். மற்ற மாடல்களில் வேறுபடும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பி பிளஸ் சரியாக இருந்தும் கழுத்தில் ஒளி இல்லையென்றால் கிடைமட்ட ஆசிலேட்டரையும் டிரைவர் பகுதியையும் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மானிட்டர் ஓடும்போது அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் சாதாரண மல்ட்டிமீட்டரை வைக்காதீர்கள். அங்கே ஆயிரம் வோல்ட் அளவில் துடிப்புகள் இருக்கும். மீட்டர் தாங்காது.

3. ஒரே ஒரு கோடு

திரை முழுதும் விரிய வேண்டிய படம் ஒரு பிரகாசமான கோடாகச் சுருங்கியிருந்தால் செங்குத்துப் பகுதி நின்றுவிட்டது. உடனே பிரைட்னஸைக் குறையுங்கள். எலக்ட்ரான் கற்றை முழுவதும் ஒரே இடத்தில் விழுவதால் அந்தக் கோடு பாஸ்பரில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். கோளாறைச் சரி செய்தாலும் தழும்பு போகாது.

இங்கே ஒரு குழப்பம் வரும். பேக்-மேன் கேமின் படம் அகலம் குறைந்து உயரம் கூடியது. 224×288 புள்ளிகள் கொண்டது. இதற்காக மானிட்டரையே 90 டிகிரி திருப்பி நிறுத்தியிருப்பார்கள். எனவே செங்குத்துப் பகுதி கெட்டால் சாதாரணப் பெட்டியில் கோடு படுத்திருக்கும். பேக்-மேன் பெட்டியில் கோடு நின்றிருக்கும். அதைப் பார்த்துக் கிடைமட்டப் பகுதியில் தேடத் தொடங்கினால் நாள் முழுதும் வீண்தான். எந்தக் கோளாறைப் பார்த்தாலும் தலையைத் திருப்பி, மானிட்டர் படுத்த நிலையில் இது எப்படித் தெரியும் என்று முதலில் யோசியுங்கள்.

செங்குத்து அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் அல்லது ஐசி, அதற்கான மின்சாரம் செல்லும் ரெசிஸ்டர், யோக் கனெக்டரின் பின்கள் ஆகியவற்றைப் பாருங்கள். கனெக்டர் பின்னில் உள்ள டிரை சால்டர்தான் பல சமயம் காரணமாக இருக்கும்.

4. படம் குட்டை, மேல் பகுதி மடிந்து தெரிகிறது

செங்குத்துப் பகுதியின் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்துவிட்டதற்கு இது அடையாளம். மானிட்டர் சூடான பிறகு படம் சற்று நேராகிறது என்றால் சந்தேகம் இன்னும் உறுதிப்படும்.

5. ஓரங்கள் அலை அலையாக ஆடுகின்றன, பட்டைகள் நகர்கின்றன

பில்டர் கெபாசிட்டர் தன் வேலையைச் செய்யவில்லை. ஏசியின் அலை டிசியில் கலந்து வருகிறது.

6. படம் உருள்கிறது, சாய்ந்து கிழிகிறது

மேலும் கீழும் உருண்டால் வெர்டிகல் ஹோல்டு, சாய்ந்து கிழிந்தால் ஹாரிஸாண்டல் ஹோல்டு திருகுகளை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எங்கேயும் நிற்கவில்லை என்றால் சிங்க் கம்பி இணைந்துள்ளதா என்று பாருங்கள். ஒரு கணம் நின்று மீண்டும் ஓடினால் சிங்க் சிக்னல் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம்.

7. ஒரு நிறம் இல்லை

சிவப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மானிட்டரில் நுழையும் இடத்தில் சிவப்புக் கம்பியையும் பச்சைக் கம்பியையும் இடம் மாற்றுங்கள். மீண்டும் ஓட விடுங்கள். இப்போது சிவப்பு வந்து பச்சை காணாமல் போனால் கோளாறு கேம் போர்டிலோ கம்பியிலோ உள்ளது. இப்போதும் சிவப்பே இல்லையென்றால் கோளாறு மானிட்டரில் உள்ளது. ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனை பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மானிட்டரில்தான் என்று தெரிந்தால் நெக் போர்டில் மூன்று கேத்தோடுகளின் மின்னழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மற்ற இரண்டையும் விட ஒன்றில் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறத்தின் டிரான்சிஸ்டர் வேலை செய்யவில்லை. நிறம் வராது. மிகக் குறைவாக இருந்தால் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். திரை முழுதும் அந்த நிறம் கொட்டும். மூன்றும் சமமாக இருந்தும் நிறம் இல்லையென்றால் டியூபின் அந்தக் கன் களைத்துவிட்டது.

8. மூலைகளில் நிறத் திட்டுகள்

டியூபின் உள்ளே உள்ள உலோக வலை காந்தமாகியுள்ளது. அருகில் ஸ்பீக்கர் உள்ளதா என்று பார்த்து நகர்த்துங்கள். டிகாஸ் காயிலைத் திரைக்கு முன் வட்டமாகச் சுழற்றி, மெதுவாகப் பின்வாங்கிய பிறகே ஸ்விட்சை நிறுத்துங்கள். கழுத்தில் உள்ள காந்த வளையங்களைத் திருப்பாதீர்கள். அவற்றை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டு வருவது பெரும்பாடு.

9. மங்கல், தெளிவின்மை, நிழல்

முதலில் ஃப்ளைபேக்கில் உள்ள போகஸ் திருகைச் சரி செய்யுங்கள். சரியாகவில்லை, வெளிச்சம் வரவே பத்து நிமிடம் ஆகிறது என்றால் டியூப் களைத்துவிட்டது. களைத்த டியூபுக்கு ரெஜுவனேட்டர் என்ற கருவி உண்டு. கேத்தோடின் மேற்பரப்பை மின்சாரத்தால் சுத்தம் செய்யும். அதிர்ஷ்டம் இருந்தால் டியூப் பிழைக்கும். இல்லையென்றால் அத்தோடு முடிந்துவிடும். எனவே மற்ற எல்லா வழிகளையும் முயன்ற பிறகு கடைசியாகத்தான் இதைத் தொட வேண்டும்.

அணைத்திருக்கும்போதும் பேக்-மேனின் பாதைக் கோடுகள் கண்ணாடியில் நிழலாகத் தெரிந்தால் அது பாஸ்பர் தேய்மானம். ஒரே படம் ஆண்டுக்கணக்கில் நின்றதன் விளைவு. இதற்கு மருந்து இல்லை.

கோளாறு போலத் தெரியும், கோளாறு அல்ல

நின்டெண்டோவின் டாங்கி காங் 1981-ல் வந்தது. அதன் பெட்டியில் சான்யோ 20இஇஸட் என்ற மானிட்டர் இருந்தது. இதற்கு வரும் வண்ணச் சிக்னல் தலைகீழானது. அதாவது கறுப்பு வர வேண்டிய இடத்தில் வெளிச்சத்துக்கு உரிய அளவு வரும். அந்தக் கேம் போர்டை வேறு மானிட்டரில் நேராக இணைத்தால் படம் போட்டோ நெகட்டிவ் போலத் தெரியும். எதையும் மாற்ற வேண்டாம். சிக்னலைத் திருப்பும் சிறிய இன்வெர்ட்டர் போர்டு ஒன்று போதும்.

1979-ல் வந்த ஆஸ்டிராய்ட்ஸும் 1981-ல் வந்த டெம்பெஸ்ட்டும் வேறு வகை. இவற்றில் இருப்பது வெக்டர் மானிட்டர். சாதாரண மானிட்டரில் கற்றை வரி வரியாகத் திரை முழுதும் ஓடும். வெக்டர் மானிட்டரில் கேம் சொல்லும் இடத்துக்கு நேராகச் சென்று கோடு இழுக்கும். கேமிலிருந்து சிக்னல் வரவில்லையென்றால் கற்றை நடுவில் நின்று பாஸ்பரைச் சுட்டுவிடும். அதைத் தடுக்க ஸ்பாட் கில்லர் என்ற சுற்று கற்றையை அணைத்துவிட்டு ஒரு சிவப்பு எல்இடியை எரிய விடும். எனவே சிவப்பு விளக்கைக் கண்டவுடன் மானிட்டரைப் பிரிக்காதீர்கள். கேம் போர்டு ஓடவில்லை என்பதாலும் அது எரியும். விளக்கு எரிகிறதே என்று ஸ்பாட் கில்லரைத் துண்டித்துப் பார்த்தால் டியூபின் நடுவில் ஒரு நிரந்தரப் புள்ளி மிஞ்சும். மேலே சொன்ன கழுத்து ஒளிச் சோதனையையும் வெக்டர் மானிட்டரில் நம்ப வேண்டாம். அவற்றில் உயர் மின்னழுத்தம் தனிச் சுற்றிலிருந்து வருகிறது.

கெபாசிட்டர் கிட்

எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குள் ஒரு திரவம் உள்ளது. வெப்பத்தில் அது மெல்லக் காய்கிறது. ஆர்கேட் பெட்டியோ மூடிய மரப்பெட்டி. நாள் முழுதும் ஓடியது. வயதோ நாற்பதைத் தாண்டியது. எனவே சேஸிஸில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் அனைத்தையும் ஒரே முறையில் மாற்றுவது வழக்கம். ஒரு மாடலுக்கு வேண்டியவற்றை மொத்தமாகத் தருவதைக் கெபாசிட்டர் கிட் என்பார்கள். பட்டியல் இருந்தால் சென்னை ரிச்சி தெருவிலேயே தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

* மைக்ரோஃபாரட் அளவு அதேயாக இருக்க வேண்டும். வோல்ட் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறையக் கூடாது.

* 105 டிகிரி என்று அச்சிட்டதை வாங்குங்கள். 85 டிகிரி வகை விரைவில் காயும்.

* பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் ஒன்றைப் போட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள். தொடங்கும் முன் போர்டைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* போர்டின் பின்புறம் கனெக்டர் பின்கள், ஃப்ளைபேக்கின் கால்கள், டிரைவர் டிரான்ஸ்பார்மரின் கால்கள் ஆகியவற்றைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் உள்ளதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் புதிதாகச் சால்டர் செய்யுங்கள்.

கிடைமட்ட அவுட்புட் டிரான்சிஸ்டரின் அருகே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்கும் பிலிம் கெபாசிட்டர் ஒன்று இருக்கும். சர்வீஸ் மேனுவலில் இதனைப் பாதுகாப்புப் பாகம் என்று குறித்திருப்பார்கள். கையில் கிடைத்த வேறு அளவை இங்கே போடாதீர்கள். இதன் அளவு குறைந்தால் டியூபின் உயர் மின்னழுத்தம் எகிறும். எக்ஸ்-ரே வெளிவரும் அபாயமும் உண்டு. உயர் மின்னழுத்தம் மீறும்போது மானிட்டரை நிறுத்தும் பாதுகாப்புச் சுற்றையும் எந்தக் காரணத்துக்காகவும் துண்டிக்காதீர்கள்.

கிட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஷார்ட் ஆன டிரான்சிஸ்டரையோ உடைந்த யோக் கம்பியையோ கெபாசிட்டர் சரி செய்யாது. முதலில் கோளாறைக் கண்டுபிடித்து நீக்குங்கள். கிட் அதற்குப் பிறகு. இருபது பாகங்களை ஒரே நாளில் மாற்றிவிட்டுப் புதிய கோளாறு ஒன்று வந்தால், அது பழையதா நீங்கள் உண்டாக்கியதா என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

சரி செய்த பிறகு

முதல் முறை சீரிஸ் பல்போடு ஓட விடுங்கள். பல்பு மங்கினால் அதனை நீக்கிவிட்டு மீண்டும் ஓட விடுங்கள். முதலில் பி பிளஸ் அளவைச் சரி செய்யுங்கள். பிறகு ஸ்கிரீன், போகஸ், உயரம், அகலம் என்று வரிசையாக வாருங்கள். பி பிளஸைச் சரி செய்யாமல் மற்றவற்றைத் திருப்பினால் திரும்பவும் எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் அருகிலேயே இருந்து வாசனை, சத்தம், சூடு ஆகியவற்றைக் கவனியுங்கள்.

சேஸிஸ் மீட்க முடியாத நிலையில் இருந்தால் எல்சிடி மானிட்டரைப் பொருத்தி விடலாம் என்று தோன்றும். பொருத்தலாம்தான். ஆனால் நல்ல டியூபைக் குப்பையில் போடாதீர்கள். அதே டியூபுக்கும் யோக்குக்கும் பொருந்தும் வேறு சேஸிஸ் கிடைக்கலாம். டியூப் போய்ச் சேஸிஸ் நன்றாக இருந்தால், அதே அளவும் அதே பின் அமைப்பும் கொண்ட பழைய டிவியின் டியூபை எடுத்துப் பொருத்துபவர்களும் உண்டு. யோக்கின் அளவுகள் சேஸிஸுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்தே இதனைச் செய்ய வேண்டும்.

ஆர்கேட் பெட்டி நம் வீட்டில் இல்லாவிட்டாலும் பரணில் ஒரு பழைய கலர் டிவியோ சிஆர்டி மானிட்டரோ இருக்கலாம். அதனுள்ளும் இதே ஃப்ளைபேக், இதே யோக், இதே எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள்தான் உள்ளன. படம் குட்டையாகத் தெரிகிறது என்பதற்காக எடைக்குப் போடும் முன், திரை என்ன சொல்கிறது என்று ஒருமுறை பாருங்கள். இருபது ரூபாய் கெபாசிட்டரில் பிழைத்துக்கொள்ளும் டியூபாக அது இருக்கலாம்.